பிரேக் சோதனை யாருடைய ரகசியம்?

பஞ்சாலைத் தொழிலாளியை ஷிப்டுக்கு ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் பிரேக் பிடிக்கிறதா, இல்லையா என்பது அந்தப் பஸ் முதலாளியின் சொந்த விஷயமா? அல்லது அதில் உட்கார்ந்து போகிறவர்களின் உயிர்ப் பிரச்னையா?

இதென்ன கேள்வி, குழந்தைகூடப் பதில் சொல்லுமே என்று வாசகர்கள் நினைக்கலாம். குழந்தை சொல்லும். சட்டம் சொல்லுமா என்பதுதான் இன்று சந்தேகமாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மோடி சர்க்கார் 2023-ல் ஒரு புதிய சட்டத்தின் வால்பகுதியில் வைத்துத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. வண்டிச் சோதனை அறிக்கையைக் காட்டு என்று கேட்கிற தொழிலாளியை, "இது ஒரு தனிநபர் சம்பந்தப்பட்ட தகவல்" என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்ப உத்தியோகஸ்தர்களுக்கு இப்போது வழி கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸிலும் வேனிலும் சரக்கு வண்டியிலும் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஜனங்கள் இந்தச் சங்கதியை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷயத்தை ஆதியிலிருந்து பார்ப்போம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி பஸ், லாரி, வேன், வாடகைக் கார், ஆட்டோ ஆகிய போக்குவரத்து வண்டிகளுக்கெல்லாம் தகுதிச் சான்று வேண்டும். பள்ளிக்கூட பஸ்ஸும், மில் நிர்வாகம் தன் ஆட்களை ஏற்றுவதற்கென்று வைத்திருக்கும் சொந்த பஸ்ஸும் இதில் அடக்கம். சான்று இல்லாத வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவே செய்யப்படாத வண்டி. புது வண்டிக்கு 2 வருஷம். 8 வயது ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் வருஷா வருஷம் என்று கணக்கு. இதைத்தான் டிரைவர்களும் கிளீனர்களும் "எஃப்.சி. காட்டுவது" என்கிறார்கள். சோதிக்க வரும் அதிகாரியைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றே சொல்கிறார்கள். அவர் வேலை இன்னது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்தச் சோதனையில் இரண்டு விதமான விவரங்கள் உண்டு. ஒன்று, இன்ன தேதி வரை வண்டி ஓடலாம் என்கிற சான்று. மற்றொன்று, சோதனையில் கண்டது: பிரேக் எப்படி, ஸ்டியரிங் எப்படி, டயர், விளக்கு, பாடி, தரைப்பலகை, அவசர வழி எப்படி, முதல் தடவையே தேறியதா, குறை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதா என்கிற விவரம். முதலாவதை யாரும் பார்க்கலாம். பல வண்டிகளின் பக்கவாட்டில் எஃப்.சி. தேதி பெயிண்டில் எழுதியிருக்கிறது. மத்திய சர்க்காரின் "எம்பரிவாகன்" செயலியில் வண்டி நம்பரைத் தட்டினாலும் தேதி வருகிறது. இரண்டாவது விவரம்தான் ஆபீஸை விட்டு வெளியே வருவதில்லை.

வெறும் தேதியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? எஃப்.சி.க்குப் போகிற அன்று வண்டி எப்படி இருக்கும், மறுநாள் எப்படி இருக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, சாயங்காலமே பழைய மொட்டை டயரைத் திரும்ப மாட்டுவது உண்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கூட அப்படி ஒரு நாள் கூத்துக்குப் பூட்டிக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். துருப்பிடித்த தகரத்தின் மேல் புதுப் பெயிண்டை அடித்துவிட்டால் அது புது வண்டி! எஃப்.சி. அன்று நான்கு டயரும் புதிது என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார் என்பது அந்த பஸ்ஸில் தினம் ஏறுகிற நூறு பேருக்குத் தெரிந்தால், மறுநாள் மொட்டை டயரைப் பார்க்கிற நூறு பேரும் சாட்சி ஆகிவிடுவார்கள். எந்த இலாகாவாலும் நியமிக்க முடியாத அத்தனை இன்ஸ்பெக்டர்கள் சம்பளம் இல்லாமல் கிடைப்பார்கள். இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

தாம்பரத்தை மறந்துவிட்டோமா?

2012 ஜூலை 25. சென்னையை அடுத்த தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ். இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, சீட்டுக்கு அடியில் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் பின்சக்கரத்தில் நசுங்கி இறந்தாள். ஆத்திரமடைந்த ஜனங்கள் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். சென்னை ஹைகோர்ட் யாரும் வழக்குப் போடாமலேயே தானாக விஷயத்தைக் கையில் எடுத்தது. அந்த பஸ்ஸுக்கு அதற்குச் சிறிது காலம் முன்புதான் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது என்பதும் அப்போது வெளியே வந்தது.

அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்ததல்ல. தரைத்தகடு துருப்பிடித்துப் பொத்தலாவதற்கு மாதங்கள் ஆகும். அதன் மேல் காலை வைத்த பிள்ளைகளுக்கு ஓட்டை தெரியும். பஸ்ஸைக் கூட்டிய ஆயாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: சான்று கொடுத்தபோது அந்தத் தரையைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பது. அது ஒரு பிரதி எடுக்கப்பட்டுப் பள்ளிக்கூட வாசலில் தொங்கியிருந்தால், "தரை நன்றாக இருக்கிறது" என்று எழுதிய பொய்யைப் படித்த முதல் தாயே கூச்சல் போட்டிருப்பாள். பெற்றோர் பணம் கட்டினார்கள், பிள்ளையை ஏற்றி அனுப்பினார்கள். சோதனைக் காகிதத்தைப் பார்க்க மட்டும் அவர்களுக்கு வழி இல்லாமல் இருந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு 2012-லேயே தமிழ்நாடு சர்க்கார் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் போட்டது. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் வருவாய், போலீஸ், போக்குவரத்து, கல்வி இலாகா அதிகாரிகள் சேர்ந்து வந்து பஸ்களை ஒரு மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். நல்ல காரியம்தான். மறுநாள் பத்திரிகையில் இத்தனை பஸ் பார்த்தோம், இத்தனை பஸ்ஸில் குறை கண்டோம் என்று செய்தியும் வருகிறது. எந்தப் பள்ளியின் எந்த பஸ்ஸில், என்ன குறை என்பது மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. குறையுள்ள பஸ்ஸில் தன் பிள்ளை போகிறதா என்று தெரிந்துகொள்ள முடியாத தகப்பனுக்கு அந்த எண்ணிக்கையால் என்ன லாபம்?

மில் பஸ்களுக்கோ இந்த மே மாதச் சோதனை கூடக் கிடையாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண் தொழிலாளிகளை அள்ளிக்கொண்டு இருட்டோடு கிளம்புகிற பஸ்களில், பள்ளிக்கூடம் கழித்துத் தள்ளிய பழைய வண்டிகளும் உண்டு என்பது அதில் போகிறவர்களுக்குத் தெரியும். கதவு ஓரத்தில் நின்றுகொண்டு வருகிற அந்தப் பெண்ணுக்கு அந்த வண்டியின் வயதும் தெரியாது, போன எஃப்.சி.யில் என்ன சொன்னார்கள் என்பதும் தெரியாது.

விற்றது எதை? மறைப்பது எதை?

அந்தரங்கம், அந்தரங்கம் என்று இப்போது பேசுகிறவர்களின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

நாட்டின் வண்டிப் பதிவுகளெல்லாம் "வாகன்" என்ற கம்ப்யூட்டர் கணக்கில் இருக்கின்றன. டிரைவிங் லைசென்ஸ்கள் "சாரதி" என்ற கணக்கில் இருக்கின்றன. 2019-ல் சுமார் 25 கோடி வண்டிப் பதிவுகளும் 15 கோடி லைசென்ஸ்களும் இவற்றில் இருந்தன. அந்த வருஷம் மார்ச்சில் மத்திய போக்குவரத்து மந்திரி இலாகா ஒரு கொள்கை அறிவித்தது. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் கட்டினால் வியாபாரக் கம்பெனிகளுக்கு இந்த விவரங்களை மொத்தமாகக் கொடுப்பார்களாம். கல்வி ஸ்தாபனங்கள் ஆராய்ச்சிக்குக் கேட்டால் 5 லட்சம் ரூபாய்! அந்த வருஷம் ஜூலையில் பார்லிமெண்டில் மந்திரி கொடுத்த கணக்குப்படி 87 தனியார் கம்பெனிகளுக்கும் 32 சர்க்கார் அமைப்புகளுக்கும் இந்தக் கணக்குகளைப் பார்க்க அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. வசூல் 65 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் சொன்ன கணக்கில் அது 111 கோடியைத் தாண்டிவிட்டது.

வண்டி பதிவு செய்யப்போன ஆட்டோ டிரைவரைக் கூப்பிட்டு, "உன் விவரத்தை இன்ன கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறோம், சம்மதமா?" என்று எவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அப்போது அந்தரங்கம் எங்கே போயிற்று? கூச்சலும் கண்டனமும் எழுந்த பிறகு 2020 ஜூனில் அந்த மொத்த விற்பனைக் கொள்கையைக் கைவிட்டார்கள். ஏற்கனவே போனது போனதுதான். கம்பெனிக்கு உரிமையாளரின் விவரம் விலைக்கு. தொழிலாளிக்கு பிரேக்கின் விவரம் இலவசமாகக்கூட இல்லை!

அதே கையோடு 2023 ஆகஸ்டில் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். பெயர் அழகான பெயர். அதன் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கை வைக்கிறது. 2005-ம் வருஷத்துச் சட்டம் என்ன சொன்னது? பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலை, அல்லது அநியாயமாக ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைகிற தகவலை மறுக்கலாம். பொது நலன் பெரிதானால் அதையும் கொடுக்க வேண்டும் என்றது. பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வாசகமும் அதில் இருந்தது. இவ்வளவையும் வெட்டிவிட்டுத் "தனிநபர் தகவல்" என்ற சொல்லை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே, பொது நலன் பெரிதென்றால் அதன்படி கொடுக்கலாமே என்று சர்க்கார் தரப்பு சமாதானம் சொல்கிறது. இருக்கிறது, வாஸ்தவம். "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். கொடுப்பதால் பொதுமக்களுக்கு நன்மை அதிகம் என்று வாதாடி நிரூபிக்கும் பாரத்தை எட்டு மணி நேரம் நூல் இழுத்துவிட்டு வருகிறவளின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

உரிமையாளருக்கு அந்தரங்கமே இல்லையா?

உண்டு. இதில் நாம் வழவழா கொழகொழா என்று பேசத் தேவையில்லை. வண்டி நம்பரைத் தட்டினால் உரிமையாளரின் வீட்டு விலாசமும் டெலிபோன் நம்பரும் வந்து விழ வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது ஆபத்து. அமெரிக்காவில் 1989-ல் ஓர் இளம் நடிகையின் வீட்டு விலாசம் மோட்டார் இலாகாப் பதிவிலிருந்து ஒரு துப்பறிவாளர் மூலம் ஒரு வெறியனின் கைக்குப் போய், அவன் வாசலில் வைத்தே அவளைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகுதான் அந்நாட்டில் 1994-ல் வாகனப் பதிவிலுள்ள சொந்த விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2020 பிப்ரவரியில் டில்லியில் மதவெறிக் கும்பல்கள் வீடுகளையும் வண்டிகளையும் கொளுத்தியபோது, வண்டி நம்பரை வைத்துச் சொந்தக்காரரின் பெயரையும் மதத்தையும் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு உதவிவிடுமே என்ற அச்சம் எழுந்தது. நியாயமான அச்சம். 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததை நாமும் வரவேற்கிறோம். ஹாஸ்டலில் அடைபட்டு, டெலிபோனைக்கூட வார்டனிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிற மில் பெண்ணுக்கு அந்த உரிமை எவ்வளவு தேவை என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் விலாசம் வேறு, பிரேக் வேறு. பிரேக் ரோட்டில் ஓடுகிறது. கூலி வாங்கிக்கொண்டு ஊர் ஜனங்களை ஏற்றுகிற வண்டியின் பிரேக்கை, சர்க்கார் சம்பளம் வாங்குகிற அதிகாரி, சர்க்கார் சட்டத்தின் கீழ் சோதித்து, சர்க்கார் காகிதத்தில் எழுதி வைக்கிறார். அதில் சொந்தம் என்ன இருக்கிறது? கம்பெனிக்கும் டிரஸ்டுக்கும் அந்தரங்கம் என்று ஒன்று உண்டா? 2023-ம் வருஷச் சட்டமே தனிநபரின் விவரத்தைத்தான் பாதுகாக்கிறது. லிமிடெட் கம்பெனியின் தேய்ந்த டயர் அதில் எப்படி வரும்?

வண்டி ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தாலும் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. ஒரு காகிதத்தில் கொடுக்கக் கூடாத பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் பெயர், விலாசம், டெலிபோன் மேல் மை பூசட்டும். வண்டி நம்பரும், சோதித்த தேதியும், கண்ட குறையும், சான்று கொடுத்த அதிகாரியின் பதவியும் வெளியே வரட்டும். இதில் யாருடைய குடும்ப மானம் போகப் போகிறது?

இது நடக்காத கனவும் அல்ல. முதலாளித்துவ நாடான பிரிட்டனில் 1960-ல் பழைய கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. இன்று அங்கே யார் வேண்டுமானாலும் வண்டி நம்பரைப் போட்டு அந்த வண்டி 2005-லிருந்து ஒவ்வொரு சோதனையிலும் தேறியதா, தவறியதா, எந்தப் பாகத்தில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதைக் காசில்லாமல் பார்க்கலாம். உரிமையாளரின் பெயரோ விலாசமோ அதில் வருவதில்லை. இதனால் பிரிட்டிஷ் முதலாளிகளின் அந்தரங்கம் அழிந்துவிட்டதாகத் தெரியவில்லை. (அதே நாட்டில் கார் நிறுத்துமிடக் கம்பெனிகளுக்கு உரிமையாளர் விலாசத்தை இரண்டரை பவுனுக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலாச வியாபாரம் டில்லிக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததல்ல.)

அமெரிக்க லாரி முதலாளிகள் இன்னும் கெட்டிக்காரர்கள். அங்கே ரோட்டுச் சோதனைகளில் கண்ட குறைகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு கம்பெனியின் பாதுகாப்பு நிலையையும் தரவரிசை போட்டுச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட்டு வந்தது. லாரிக் கம்பெனிகள் கூப்பாடு போட்டு, 2015 டிசம்பரில் ஒரு சட்டத்தின் மூலம் சரக்கு வண்டிக் கம்பெனிகளின் தரவரிசையைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றச் செய்தன. பயணிகளை ஏற்றும் பஸ் கம்பெனிகளின் வரிசையை மறைக்க அந்தச் சட்டம்கூடத் துணியவில்லை.

சிறு உரிமையாளர்கள் ஒன்று கேட்பார்கள். கடன் வாங்கி ஒரே ஒரு ஆட்டோவோ வேனோ ஓட்டுகிற நானும் உழைப்பாளிதானே, என் வண்டியின் குறையை ஊர் முழுக்கத் தெரியவிட்டால் என் பிழைப்பு என்னாகும் என்று கேட்பார்கள். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். பைனான்ஸ்காரனுக்குத் தவணை கட்டுவதா, டயர் மாற்றுவதா என்று மாதா மாதம் திண்டாடுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் நியாயமான கட்டணமும் கேட்டுப் போராடுவது நம் கடமை. அதற்காக பிரேக் இல்லாத வண்டியை மூடி மறைக்க முடியாது. மறைத்தால் முதலில் சாவது ஓட்டுகிற அவரும்தான்.

கூலிக்கு ஓட்டுகிற டிரைவரின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. விபத்து நடந்தால் முதலில் பிடித்து அடைக்கப்படுகிறவர் யார்? டிரைவர். "பிரேக் பிடிக்கவில்லை என்று பத்துத் தடவை சொன்னேன், முதலாளி கேட்கவில்லை" என்று அவர் கதறினால் நம்புகிறவர் யார்? போன வருஷச் சோதனையிலேயே பிரேக்கில் குறை என்று எழுதி வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்ற காகிதம் அவர் கையில் இருந்தால் வழக்கே வேறு மாதிரி போகும். அதை அவருக்குக் கிடைக்காமல் செய்வது அந்தரங்கம் காப்பது ஆகாது, குற்றவாளியை மாற்றுவது ஆகும். சர்க்கார் போக்குவரத்துக் கழக பஸ்களுக்கும் இதே நியாயம்தான். அங்கே உரிமையாளரின் அந்தரங்கம் என்ற சாக்கே கிடையாது. ஒவ்வொரு டிப்போவிலும் சோதனை விவரத்தை ஒட்டிவைக்க யாரைக் கேட்க வேண்டும்?

வயல் வேலைக்குப் போகிறவர்கள்

விவசாயத் தொழிலாளிகளின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களை மினி லாரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த வண்டிக்கு எஃப்.சி. இருக்கும். ஆனால் அது மூட்டை ஏற்றக் கொடுத்த எஃப்.சி. மனுஷரை ஏற்றலாமா என்று எந்த இன்ஸ்பெக்டரும் பார்த்துச் சொன்னதல்ல. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போன பயணிக்கு, அவர் அந்தச் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ இல்லாவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் கால் போனவள் வீட்டில் கிடப்பாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்ப்பைக் காட்டும். வண்டிக்காரர் கையை விரிப்பார்.

ஏறுவதற்கு முன்னால் இந்த வண்டி எதற்குச் சான்று பெற்றது, மனுஷருக்கா, மூட்டைக்கா, அது காலாவதி ஆகிவிட்டதா என்று தெரிந்தால் ஏறாமல் இருந்துவிடுவார்களா என்று கேட்கலாம். கூலி போய்விடுமே என்று ஏறத்தான் செய்வார்கள், அதுவும் நமக்குத் தெரியும். தனி ஆள் ஏறுவாள். இருபது பேர் சேர்ந்து, "சீட்டு வைத்த வேனைக் கொண்டு வா, இல்லாவிட்டால் களத்துக்கு வரமாட்டோம்" என்று அறுப்புச் சமயத்தில் சொன்னால் வேன் வரும். அப்படிச் சொல்ல அவர்கள் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

காகிதத்துக்காகப் போராடுவது உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானில் 1990-ல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கத்தாரின் முதல் சண்டையே கூலிப் பட்டியலுக்காகத்தான். வறட்சி நிவாரண வேலை செய்த கிராமத்து ஏழைகள், யார் யார் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னார்கள். அது சர்க்கார் ரகசியம் என்றார்கள் அதிகாரிகள். 1994 டிசம்பரிலிருந்து கிராமம் கிராமமாகப் பொதுக்கூட்டம் போட்டுப் பட்டியலை உரக்கப் படித்தபோது, செய்யாத வேலையும் வராத ஆளும் வெளியே வந்தன. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமே கிடைத்தது. கூலிப் பட்டியலில் ஆளின் பெயர் இருக்கிறது, ஆகவே அது தனிநபர் தகவல் என்று இன்றைய திருத்தத்தை வைத்து அன்றே சொல்லியிருந்தால் அந்தப் பட்டியல் ஒருநாளும் வெளியே வந்திராது.

இன்னொரு ஆபத்தும் பின்னாலேயே வருகிறது. 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் போட்ட விதிகளின்படி தானியங்கிச் சோதனை நிலையங்களைத் தனியார் கம்பெனிகளும் நடத்தலாம். மிஷின் வைத்து பிரேக்கை அளப்பது நல்லதுதான். மிஷின் லஞ்சம் கேட்காது. ஆனால் மிஷினுக்குச் சொந்தக்காரர் யார்? சோதனை தனியார் கைக்குப் போகிற இடத்திலெல்லாம், நாங்கள் சர்க்கார் ஆபீஸ் இல்லை, எங்களிடம் மனுப்போட முடியாது என்று சொல்லும் நாள் தூரத்தில் இல்லை. வண்டி முதலாளியின் அந்தரங்கம் ஒரு பூட்டு, சோதனைக் கம்பெனியின் வியாபார ரகசியம் இன்னொரு பூட்டு!

ஆகவே நாம் கேட்பது இது. ஒவ்வொரு போக்குவரத்து வண்டியின் சோதனை விவரமும், உரிமையாளரின் பெயரும் விலாசமும் நீக்கப்பட்டு, வண்டி நம்பரைப் போட்டால் தமிழிலேயே படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. அனுமதிகளும் அதிகாரச் சான்றுகளும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு 20 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. செல்போன் இல்லாதவர்களுக்காக வண்டிக்குள் ஏறும் படிக்கட்டின் பக்கத்திலேயே அந்த விவரத்தை ஒட்ட வேண்டும். பள்ளி பஸ்களுக்குச் செய்கிற கூட்டுச் சோதனையை மில் பஸ்களுக்கும் செய்ய வேண்டும். அந்த மைதானத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் பெற்றோர் பிரதிநிதியும் நிற்க வேண்டும். தனியார் சோதனை நிலையத்தின் காகிதங்களும் சர்க்கார் காகிதங்களே என்று தமிழக சர்க்கார் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். 44(3) திருத்தத்தை ரத்து செய்ய வேண்டும்.

சர்க்கார் இதைச் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தோழர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் மில் பஸ், உங்கள் பிள்ளை போகும் பள்ளி பஸ், உங்களை வயலுக்கு ஏற்றிப் போகும் வண்டி, இவற்றின் நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே மனு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட்டு கட்டண ஸ்டாம்பு ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். இந்த நம்பர் வண்டியின் கடைசி மூன்று தகுதிச் சோதனைகளில் கண்ட குறைகள் என்ன, திருப்பி அனுப்பப்பட்டதா, எந்தப் பதவியிலுள்ள அதிகாரி சான்று கொடுத்தார், வண்டி எதை ஏற்றப் பதிவானது என்று மட்டும் கேளுங்கள். உரிமையாளரின் பெயரும் விலாசமும் வேண்டாம், 10-வது பிரிவின்படி அவற்றை மறைத்துவிட்டுக் கொடுங்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், "தனிநபர் தகவல்" என்று வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு அப்பீல் செய்யுங்கள். அங்கும் இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம்.

எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கக் கிளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மே மாதச் சோதனைக்கு முன்பே மனுக்கள் போய்ச் சேர வேண்டும். வருகிற பதில்களை, மறுத்து வந்த கடிதங்களையும் சேர்த்து, நமக்கு அனுப்பி வையுங்கள். வாரந்தோறும் பிரசுரிக்கிறோம். வண்டி நம்பரோடு, உரிமையாளரின் விலாசம் இல்லாமல்.